பச்சைத் தண்ணீரை அளப்பது எப்படி: குளம், அணை, ஆற்றுக்கான முழு வழிகாட்டி

"குளம் பச்சையா மாறிருச்சுங்க, ஒரு பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்கறேன், எங்க குடுத்து டெஸ்ட் பண்றது?" கோடை வந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது வந்துவிடுவார்கள். பாட்டிலைக் கையில் வாங்கியதும் நான் மூன்று விஷயம் கேட்பேன். எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்? எந்தக் கரையில்? காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? பெரும்பாலும் பதில் இருக்காது. அப்படிப்பட்ட பாட்டிலை வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் உருப்படியாக ஒன்றும் தெரியாது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குளங்களிலும் தடுப்பணைகளிலும் மாணவர்கள், விவசாயிகளோடு சேர்ந்து, பாசியால் பச்சையான தண்ணீரைப் பிடித்து அளந்ததில் தெரிந்துகொண்ட வரிசை இது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கெடுக்காதபடிதான் அடுக்கியிருக்கிறேன்.

1. முந்தின நாள் வேலை

பாட்டிலைத் தண்ணீரில் மட்டும் நன்றாக அலசி, கடைசியில் வாலை வடிநீரால் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வையுங்கள். சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் பாட்டிலில் படக்கூடாது. சலவைத்தூளில் பாசிக்குச் சத்தான பாஸ்பேட் இருக்கலாம். நாம் அளக்கப் போவதும் பாஸ்பேட்தான். ஆரம்ப நாளில் ஒரு குளத்து மாதிரியில் பாஸ்பேட் எகிறிக் காட்டியது. இரண்டு வாரம் வாய்க்கால் வாய்க்காலாகச் சாக்கடையைத் தேடி அலைந்தோம். கடைசியில் அது எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் இருந்தது: பாட்டில் பளபளவென்று இருக்கட்டும் என்று யாரோ தூள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அரை லிட்டர் பாட்டில் நான்கு, அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி, ரப்பர் கையுறை, கம் பூட்ஸ், இரண்டு மீட்டர் குச்சியில் கட்டிய வெள்ளை மக், வெப்பமானி, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் மீட்டர், கரைந்த ஆக்சிஜன் கிட், பென்சில், நோட்டு. பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் எழுத்து ஓடிவிடும். ஆக்சிஜன் கிட்டுக்குத் தனியாக எங்கும் தேட வேண்டாம், மீன், இறால் பண்ணைக்காரர்கள் வாங்கும் கிட்டே போதும்.

பிஎச் மீட்டரை அளவு சரிபார்க்கும்போது எல்லாரும் 4, 7 கரைசல்களில் முக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். பாசி மண்டிய தண்ணீர் காரப் பக்கம் சாயும். அதனால் 7-லும் 9.2-லும் சரிபாருங்கள். நாம் அளக்கப்போகும் எல்லைக்குள்தான் மீட்டர் உண்மை சொல்ல வேண்டும்.

முடிந்தால் செயற்கைக்கோள் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஏறத்தாழ 5 நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வரும். ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். தோட்டத்துப் பண்ணைக்குட்டைக்கு இது உதவாது. சிங்காநல்லூர், உக்கடம் போன்ற குளங்களுக்கும் பவானிசாகர், மேட்டூர் போன்ற அணைகளுக்கும் தாராளமாகப் போதும். பச்சை எந்த மூலையில் ஒதுங்கியிருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிட்டால் பாதி நடை மிச்சம்.

2. நேரமும் கரையும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

பச்சைத் தண்ணீர் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளும், கரியமில வாயுவை உறிஞ்சும். ராத்திரியில் அதே பாசி மூச்சுவிட மட்டுமே செய்யும். தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். அதனால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது பொழுது விடிவதற்குச் சற்று முன். மிக அதிகமாக இருப்பது பிற்பகல் 2, 3 மணி. 3 மணிக்கு அளந்துவிட்டு, "ஆக்சிஜன் 13 இருக்குதுங்க, அருமையான தண்ணி" என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே குளத்தில் விடியற்காலை மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே நின்றிருக்கும்.

ஆகவே இரண்டு தடவை போக வேண்டும்: விடியலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஒரு தடவைதான் முடியும் என்றால் விடியலைத் தேர்ந்தெடுங்கள். மேலே மிதக்கும் படலமும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் உடலுக்குள் நுண்ணிய காற்றுப் பைகளை வைத்திருக்கும். காற்றில்லாத ராத்திரியில் அவை மெல்ல மேலே ஏறி, விடியும்போது தண்ணீருக்கு மேல் போர்வை போர்த்தியதுபோல் கிடக்கும்.

அடுத்தது கரை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடுமலை, பல்லடத்தில் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்று படலத்தை முழுக்க கிழக்குக் கரைக்குத் தள்ளிவிடும். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஆறு. அதன் குளங்கள் பலவற்றில் பெரிய கரையும் மதகும் சரிவு இறங்கும் கிழக்குப் பக்கமே இருக்கும். நாம் வண்டியை நிறுத்தி இறங்குவதும் அதே கரையில். அங்கே பிடித்தால் குளம் முழுக்கச் சாணிக் கரைசல் போலத் தோன்றும். எதிர்க்கரையில் பிடித்தால் தெளிந்த தண்ணீர் வரும். இரண்டுமே குளம் இல்லை.

எனவே மூன்று இடம்: காற்று தள்ளி ஒதுக்கிய கரை, காற்று வரும் பக்கத்துக் கரை, முடிந்தால் பரிசலில் போய் நடு. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நேரம், காற்றின் திசை, வெயிலா மேகமா என்பதைத் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம்.

ஆறு என்றால் கணக்கு வேறு. ஓடுகிற தண்ணீரில் பாசி மண்டாது. தடுப்பணையிலும் கதவணைக்கு மேலே தேங்கிய இடத்திலும்தான் மண்டும். பாலத்தின் நடுவிலிருந்து, நீர் வரும் பக்கமாக நின்று, கயிறு கட்டிய வாளியை இறக்கி எடுங்கள். கரையோரத் தேக்கத்தில் எடுத்துவிட்டு ஆற்றின் பெயரை எழுதாதீர்கள்.

3. முதலில் இது பாசிதானா?

பச்சையாக இருப்பதெல்லாம் பாசி இல்லை. குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். தலைமுடி மாதிரி, நூல் மாதிரி தொங்கினால் அது நூல்பாசி. அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான். குட்டிக் குட்டி இலையும் அடியில் வேரும் தெரிந்தால் வாத்துத்தீவனச் செடி வகை. சிவப்பும் பச்சையுமாகப் பஞ்சு போல இருந்தால் அசோலா. குச்சி பச்சை பெயின்டில் முக்கி எடுத்ததுபோல வந்தால் கவனம்: நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கரையோரம் காய்ந்த இடத்தையும் குனிந்து பாருங்கள். நீலப்பச்சைப் பாசி செத்துக் காயும்போது உள்ளிருக்கும் நீல நிறமி வெளியே கசியும். கல்லின் மேல், நுரை காய்ந்த விளிம்பில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு கறை நிற்கும். ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். துணிச்சாயம் கொட்டிவிட்டார்கள் என்று பலர் சண்டைக்குப் போவது இந்தக் கறையைப் பார்த்துத்தான்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. நொய்யல் பக்கம் எது நடந்தாலும் சாயப்பட்டறையைச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. சாயக்கழிவு தேங்கி நின்ற ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் நியாயமும்கூட. 2011-இல் உயர் நீதிமன்றமே பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் திருப்பூர். ஆனால் சாயக்கழிவு தண்ணீருக்குக் கொடுப்பது முதன்மையாக உப்பையும் நிறத்தையும். பாசிக்குச் சோறு போடுவது நைட்ரஜனும் பாஸ்பரசும். அவை சாக்கடை, எரு, உரம் வழியாக வருகின்றன. இரண்டையும் குழப்பினால் தவறான கதவைத் தட்டுவோம்.

மழைக்குப் பின் வரும் செந்தண்ணீரையும் தள்ளிவிடுங்கள். ஜாடியில் ஒரு நாள் வைத்தால் மண் அடியில் படியும்.

4. படலம் தெரிந்தால், அளப்பதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்

ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற துறை என்றால் முதலில் மேய்க்கிறவரிடம் பேசுங்கள். நாய்களையும் விரட்டிவிடுங்கள். சில நீலப்பச்சைப் பாசிகள் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கும். அது ஈரலைத் தாக்கும். கால்நடைகள் கரையோரப் படலத்தை அப்படியே உறிஞ்சுவதால் ஆபத்து அவற்றுக்குத்தான் முதலில்.

ஒரு குளத்துக் கரையில் செம்மறி ஓட்டிவந்த பெரியவரிடம் சொன்னபோது, "ஏந்தம்பி, நாங்க சின்னப் புள்ளைல இருந்து இந்தத் தண்ணியத்தான் காட்டறோம்" என்றார். "அப்ப இப்புடிப் பெயின்ட் மாதிரி மிதந்துச்சுங்களாய்யா?" என்று கேட்டேன். குச்சியால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு, ஆடுகளைத் திருப்பிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனார். விளக்கம் சொல்வதைவிடக் குச்சியைக் கையில் கொடுப்பது நல்லது.

நீங்களும் கையுறை போடாமல் தொடாதீர்கள். தோலில் அரிப்பு, கண்ணில் எரிச்சல் வரலாம். மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தால் அந்தச் சாரலில் நிற்க வேண்டாம்.

5. ஆக்சிஜன், வெப்பம், பிஎச்: இந்த வரிசையில்

ஆக்சிஜனை முதலில் எடுக்கக் காரணம், அதுதான் சீக்கிரம் மாறும். பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்து, குமிழி வராமல், விளிம்பு வழிய நிரப்பி, உள்ளேயே மூடுங்கள். மக்கில் மொண்டு மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்துவிடும். அப்புறம் அளப்பது காற்றைத்தான்.

கிட்டில் முதல் இரண்டு திரவத்தையும் அங்கேயே, கரையிலேயே விடுங்கள். அதற்கு ஆக்சிஜனைப் பிடித்து நிறுத்துவது என்று பெயர். பழுப்பு நிறத்தில் திரிதிரியாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் இல்லை. எண் வருவதற்கு முன்பே நிறம் சொல்லிவிடும். நிறுத்திய பிறகு மீதியை நிழலில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் திரவத்தை விடுகிறேன் என்பவர்கள், வழியில் பாசி மூச்சுவிட்டது போக மிச்சத்தை அளக்கிறார்கள்.

30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம், கோவை உயரத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். அதற்கு மேலே 11, 12 என்று பிற்பகலில் வந்தால் அது பாசி ஊதிய ஆக்சிஜன். நல்ல செய்தி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவில், குளிக்கிற தண்ணீருக்குக் குறைந்தது 5, மீன் வளர 4. விடியற்கால எண்ணை இதோடு ஒப்பிடுங்கள்.

பிஎச் அதே வாரியக் கணக்கில் 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் பிற்பகலில் 9-ஐத் தாண்டிப் போகும். காலைக்கும் மாலைக்கும் ஒரு முழு எண் வித்தியாசம் இருந்தால் பாசி பலமாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிஎச் ஏற ஏற தண்ணீரில் இருக்கும் அம்மோனியா மீனுக்கு நஞ்சாகும். சாக்கடை கலக்கிற குளத்தில் மீன் சாவதற்கு இதுவும் ஒரு வழி.

டிடிஎஸ் மீட்டர்? நம் பக்கத்தில் அது இல்லாத வீடே இல்லை. போர்த் தண்ணீரும் ஆர்ஓவும் செய்த பழக்கம். எல்லாரும் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். அது உப்பை மட்டும் காட்டும். கஞ்சி போல் பச்சைத் தண்ணீரிலும் 300 என்று காட்டலாம். "300 தான், நல்ல தண்ணி" என்று சொல்லிவிடாதீர்கள்.

6. பாட்டிலில் பிடிப்பது

முழங்கால் வரைக்கும் இறங்கிச் சேற்றைக் கலக்கிவிட்டுப் பிடிக்காதீர்கள். கரையில் நின்று குச்சி மக்கால் எடுங்கள். மேல் படலம் ஒரு பாட்டில், ஒரு சாண் ஆழத்துத் தண்ணீர் இன்னொரு பாட்டில். இரண்டையும் கலக்க வேண்டாம். படலத்தில் பாசி பல மடங்கு செறிந்திருக்கும்.

ஒரு பாட்டிலில் லூகால் அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீர் பால் விடாத லேசான டீ நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவும் எண்ணவும் இந்தப் பாட்டில். நச்சுப் பரிசோதனைக்கும் சத்துப் பரிசோதனைக்கும் அயோடின் விடாத பாட்டில். மேலே ஒட்டும் சீட்டில் எது எது என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் பாட்டிலுக்குள்ளேயே பாசி தொடர்ந்து வாழும், சத்தைத் தின்னும், சாகும். வண்டி டிக்கியில் சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்த மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கும் உண்டு.

7. தட்டை இறக்குவது

தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளக்க 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு. எட்டு அங்குல எவர்சில்வர் தட்டே போதும். நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால்வட்டங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் பளபளப்பில்லாத பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளை, அடியில் படிக்கல், மேலே 10 சென்டிமீட்டருக்கு ஒரு குறி போட்ட நைலான் கயிறு. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி அளவு மாறிவிடும்.

காலை 10 முதல் பிற்பகல் 2 வரை, நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தட்டு மறையும் ஆழம் ஒன்று, மெல்லத் தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழம் ஒன்று; இரண்டின் சராசரிதான் அளவு. கரையில் ஆழம் போதாமல் தட்டு தரையைத் தொட்டுவிட்டால் அந்த அளவு செல்லாது.

பண்ணைக்காரர்கள் 30, 40 சென்டிமீட்டரில் தட்டு மறைந்தால் மீனுக்குத் தீனி சரியாக இருக்கிறது என்பார்கள். 20-க்குக் கீழே போனால் அவர்களே பயப்படுவார்கள். கையை முழங்கை வரை விட்டு விரல் தெரிகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் பழக்கம். படலம் இருக்கிற குளத்தில் அது வேண்டாம்.

8. ராத்திரி ஜாடி

கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு குளத்துத் தண்ணீர். மூடி, ஆட்டாமல், ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் தூக்காமல் கதவைத் திறந்து பாருங்கள். பச்சை மேலே வளையம் கட்டி நின்றால் காற்றுப் பை உள்ள நீலப்பச்சைப் பாசி என்று கொள்ளலாம். அடியில் படிந்தால் வேறு பாசி அல்லது மண்.

ஜாடி மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் யாரும் புதினாச் சட்னி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சோதனை நச்சு இருக்கிறதா என்று சொல்லாது. எச்சரிக்கையோடு இருக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும்.

9. மைக்ரோஸ்கோப்

பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் போதும், 400 மடங்கு பெருக்கினால் தாராளம். கடுகை விடச் சிறிய மணிகள் ஒழுங்கில்லாத மேகம்போலக் கூடி, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் மைக்ரோசிஸ்டிஸ். பாசிமணி கோத்த மாலையில் இடையிடையே ஒரு பெரிய மணி இருந்தால் அனபீனா வகை. பல்சக்கரம் போன்றவையும், நான்கு நான்காக ஒட்டி நிற்பவையும் சாதாரணப் பச்சைப் பாசி. அயோடின் விடாத துளியில் தானாக நெளிந்து நீந்தினால் யூக்ளினா. செல்போனைக் கண்ணாடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

10. நைட்ரேட், பாஸ்பேட்: இங்கேதான் எண்கள் ஏமாற்றும்

முதல் ஏமாற்று, அலகு. ஒரு கிட் நைட்ரேட் என்று காட்டும், இன்னொன்று நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் என்று காட்டும். இரண்டுக்கும் இடையில் 4.4 மடங்கு வித்தியாசம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டாக. பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரசுக்கும் இடையில் 3 மடங்கு. போன வருடம் ஒருவர் ஒரு கிட், இந்த வருடம் வேறொருவர் வேறு கிட். குளம் மூன்று மடங்கு கெட்டுவிட்டது என்று செய்தி. கிட் டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, அதை அப்படியே நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, கிட்டின் கண் கூர்மை. ஏரி, குளத்தில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டினாலே பாசிக்குச் சோறு போதும். நிறம் பார்த்து ஒப்பிடும் மலிவான கிட்டுகளில் முதல் படியே அதைவிட அதிகம். எனவே கிட் காட்டும் பூஜ்யம், பூஜ்யம் இல்லை.

மூன்றாவதுதான் பெரியது. குளம் கொழுகொழுவென்று பச்சையாக இருக்கும்போது கரைந்த பாஸ்பேட் பெரும்பாலும் குறைவாகவே காட்டும், ஏனென்றால் அது பாசியின் வயிற்றுக்குள் போயிருக்கும். "பாஸ்பேட்டே இல்லைங்க, அப்ப சாக்கடை கலக்கல" என்று யாராவது சொன்னால், சாப்பிட்டு முடித்த இலையைப் பார்த்து விருந்தே நடக்கவில்லை என்பது போலத்தான். ஆய்வகத்தில் கரைந்ததை மட்டும் அல்ல, மொத்தப் பாஸ்பரஸ் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். என்னென்ன அளப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான பட்டியலில் மைக்ரோசிஸ்டின் இருக்காது.

11. வாய்க்காலோடு மேலே நடப்பது

எண் கிடைத்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் வரும் ஒவ்வொரு வாய்க்காலோடும், பள்ளத்தோடும் மேலே நடங்கள். ஒவ்வொரு கூடுமிடத்திலும் மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில்.

என்ன தேட வேண்டும்? வீட்டுச் சாக்கடை முதலில். அடுத்து கோழி எரு. பல்லடம், நாமக்கல் பக்கம் பண்ணைகளிலிருந்து வாங்கி வந்து வயலோரம் குவித்திருப்பார்கள். ஒரு மழை வந்தால் குவியலின் பாதி பள்ளத்தில். குளத்தில் மீன் குத்தகை எடுத்தவரையும் கேளுங்கள், பகைத்துக்கொள்ளாமல். கட்லா, ரோகு வளர நுண்ணுயிர் பெருக வேண்டும் என்று சாணமும் கோழி எருவும் கொட்டுவது உண்டு.

அணைகளில் இன்னொன்று. பவானிசாகர், மேட்டூர் நீர்த்தேக்கப் பகுதிகளில் தண்ணீர் வடிந்ததும் அந்த வண்டல் நிலத்தில் பயிர் வைப்பார்கள். நீர் மறுபடி ஏறும்போது போட்ட உரமும் விட்ட தாளும் மூழ்கிக் கரையும். அணையின் நீர்மட்டம் எப்போது ஏறியது என்று பார்த்து, பச்சை தோன்றிய தேதியோடு ஒப்பிடுங்கள்.

ஆகாயத்தாமரையை அண்மையில் எடுத்தார்களா என்றும் விசாரியுங்கள். அது வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் அதே சத்துத் தண்ணீரில் வெயில் நேராக விழும். குளத்தைச் சுத்தம் செய்து போட்டோ எடுத்த சில வாரத்தில் தண்ணீர் பச்சையானால் ஆச்சரியப்பட வேண்டாம்.

12. சொல்வதும், சொல்லக் கூடாததும்

ஊருக்கு முதலில் சொல்ல வேண்டியது: கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கிருமி சாகும், மைக்ரோசிஸ்டின் சூட்டுக்கு அசையாது, செல் உடைந்து இன்னும் வெளியே வரும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைக்காதீர்கள் என்றே அறிவித்தார்கள். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுக்கக் குடிக்க வைத்திருக்கும் எல்லை.

மயில்துத்தம் கொட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தண்ணீர் இரண்டு நாளில் தெளியும், உண்மை. ஆனால் பாசி மொத்தமாகச் செத்து நச்சை ஒரே நேரத்தில் விடும், அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், மீன் மிதக்கும். மயில்துத்தத்தில் உள்ள செம்பு சேற்றில் தங்கும். சத்து அப்படியே இருப்பதால் பாசி திரும்ப வரும். நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பது நாற்றத்தைக் கொஞ்சம் அடக்கலாம். வரும் சாக்கடையை நிறுத்தாமல் அதை நம்பி உட்கார வேண்டாம் என்பது என் எண்ணம்.

மீன் செத்து மிதந்தால் விஷம் கலந்துவிட்டார்கள் என்று உடனே எழுதாதீர்கள். மேகமூட்டமான இரண்டு நாளுக்குப் பிறகு விடியலில் நடந்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. அன்றைய விடியற்கால எண் உங்களிடம் இருந்தால் அதுவே சாட்சி. செவுள் இன்னும் சிவப்பாக இருக்கும் மீன் இரண்டை ஐஸில் வைத்து மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

புகாரைக் குளம் யார் பொறுப்பிலோ அவர்களுக்கு, அதாவது நீர்வளத் துறை, மாநகராட்சி அல்லது ஊராட்சிக்கு எழுதுங்கள். நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு. திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். "குளம் நாசமாகிவிட்டது" என்று ஆரம்பிக்காதீர்கள். இப்படி எழுதுங்கள்: தேதி, காலை 6.10, கிழக்குக் கரை, மூன்றாவது மதகு, மேல்காற்று, படலம் கரையிலிருந்து பத்தடி, ஆக்சிஜன் இவ்வளவு, பிஎச் இவ்வளவு. அதே நாள் 2.40, அதே இடம், ஆக்சிஜன் இவ்வளவு, பிஎச் இவ்வளவு, படம் நான்கு. இதைப் படிக்கிற அதிகாரி திருப்பிக் கேள்வி கேட்க இடம் இருக்காது.

13. மறுபடி போவது

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதே மதகு, அதே படி, அதே நேரம். இடம் மாறினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. மழை பெய்து முடிந்த மூன்றாம், நான்காம் நாள் ஒரு தடவை கூடுதலாகப் போங்கள். புதுச் சத்து வந்து, வெயிலும் அடித்தால் பச்சை பிடிக்க ஆரம்பிக்கும் நேரம் அது.

கிளம்பும் முன் பூட்ஸ், கயிறு, தட்டு, மக் எல்லாவற்றையும் அந்தக் குளத்தங்கரையிலேயே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுத்த குளத்துக்கு எடுத்துப்போனால் பாசியையும் சேர்த்தே எடுத்துப்போகிறோம்.